டிசைனர் ஜெயம், ஆபரேட்டர் பார்வதி

பாண்டிச்சேரியில், சாரம் பகுதியில் அன்பழகன் வைத்திருந்த டிசைன் கடையின் கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். அன்பழகனின் மச்சான் கலியபெருமாள் பாரிசில் வேலை பார்த்தார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது தான் பயன்படுத்திய கம்ப்யூட்டரைத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். படம் வரையவும் எழுத்து அமைக்கவும் அதில் ஒரு நல்ல டிசைன் சாஃப்ட்வேர் இருந்தது. ஆனால் மெனு, குறிப்பு, எச்சரிக்கை எல்லாமே பிரெஞ்சில். கீபோர்டு கூட அந்த ஊர்க் கீபோர்டு. ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கியூ’ இருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டரை மூன்று வருடம் தனியாக ஆண்டவள் பார்வதி. முதலியார்பேட்டைக்காரி. அப்பா பஞ்சாலையில் நூல் பிரிவில் இருந்தவர். பார்வதி ப்ளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் பாஸ் செய்து, டி.டி.பி. கோர்ஸ் ஒன்றும் படித்திருந்தாள். கணவன் வெற்றிவேல் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். அன்பழகன் கடை திறந்த முதல் நாளிலிருந்து அவள்தான் அங்கே டிசைன் செய்தாள்.

பிரெஞ்சில் ஒரு எழுத்தும் தெரியாமல் அவள் எப்படி வேலை செய்தாள் என்று கேட்டால், இடத்தை வைத்துத்தான். ஒரு வீட்டில் இருட்டில் நடந்து பழகியவர்கள் சுவிட்சைத் தேட மாட்டார்கள் அல்லவா, அப்படி. நிழல் போட வேண்டுமென்றால் இடமிருந்து ஐந்தாவது மெனு, அதில் கோட்டுக்குக் கீழே முதல் வரி. எழுத்தை வளைக்க வேண்டுமென்றால் பேனா படத்துக்குப் பக்கத்தில் அழுத்திப் பிடித்தால் வெளியே வரும் இரண்டாவது படம். அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படித்ததே இல்லை. கல்யாணப் பத்திரிகை, ஊதுபத்தி அட்டை, மஞ்சள் நீராட்டு விழா பேனர், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் அவள் கையிலிருந்து போயின. “பார்வதி இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் பலர் படியேறினார்கள். இல்லை என்றால், நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. அதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

2004இல் கலியபெருமாள் மறுபடி வந்தார். இந்த முறை புதிய வெர்ஷன் கொண்டுவந்தார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். “இதுல ரொம்ப வசதி வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, சிடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை பார்வதி உட்கார்ந்தாள். வீட்டில் யாரோ சாமான்களை எல்லாம் இடம் மாற்றி வைத்ததுபோல் இருந்தது. ஐந்தாவது மெனுவில் கோடு மட்டும் இருந்தது, நிழல் இல்லை. பேனா படத்தை அழுத்திப் பிடித்தால் வேறு மூன்று பேனாக்கள் வந்தன. காதுகுத்துப் பத்திரிகை ஒன்றில் பிள்ளையின் பெயரை அரைவட்டமாக வளைக்க வேண்டும். வாடிக்கையாளர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார். பெயர் வளையவில்லை.

அப்போதுதான் அவள் வாழ்க்கையில் முதல் முறையாக எஃப் ஒன் பொத்தானை அழுத்தினாள். கோர்சில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், சந்தேகம் வந்தால் எஃப் ஒன், ஹெல்ப் வரும் என்று. வந்தது. இடப்பக்கம் நீளமாகத் தலைப்புகள், வலப்பக்கம் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் பிரெஞ்சு. மேலே தேடுவதற்கு ஒரு கட்டம். அதில் ஆங்கிலத்தில் ‘கர்வ்’ என்று அடித்தாள். ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து இரண்டு சொல் சொன்னது. ‘பெண்ட்’ என்று அடித்தாள். அதே இரண்டு சொல். ‘ரவுண்ட் லெட்டர்’ என்று அடித்தாள். அதே. அந்தச் சொற்களை அவள் எழுத்துக் கூட்டி ‘ஆகுன் ரெசுல்தத்’ என்று படித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் பொருள் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. அவள் கற்ற முதல் பிரெஞ்சு அதுதான்.

வாடிக்கையாளரிடம், “சாயங்காலம் வாங்கண்ணா, பவர் ஏறி எறங்குது” என்று பொய் சொன்னாள்.

நேரு வீதியில் பழைய புத்தகம் விற்பவரிடம் பிரெஞ்சு - ஆங்கில அகராதி ஒன்று வாங்கினாள். வளைவுக்குப் பிரெஞ்சு ‘கூர்ப்’. அதை அடித்தாள். இப்போது சாம்பல் பெட்டி வரவில்லை, திரை நிறையப் பதில்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பொருள் பார்த்தாள். எல்லாம் படங்களின் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற ஏதோ ஒரு வளைகோட்டைப் பற்றிய பக்கங்கள். எழுத்தைப் பற்றி ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தின் அடியில் இன்னொரு பக்கத்தைப் பார் என்று இருக்கும். அங்கே போனால் முதல் பக்கத்தைப் பார் என்று இருக்கும். அந்த ஹெல்ப்பை எழுதியவன் எதிரே இருந்தால் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பாள். உன் பாஷையில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரிந்திருந்தால் உன்னிடம் ஏன் வருகிறேன்?

கடைசியில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையால் திருப்பித் திருப்பி அரைவட்டத்தில் வைத்தாள். ஒரு பெயருக்கு அரை நாள். அடுத்த பெயருக்கும் அரை நாள். கடையில் வேலைகள் தேங்கின.

அப்போதுதான் அன்பழகன் ஜெயத்தை வேலைக்கு வைத்தான்.

ஜெயத்துக்கு இருபத்து மூன்று வயது. கருவடிக்குப்பத்தில் வீடு. அவள் அப்பா சாமிக்கண்ணு ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர்களைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களை உட்காரவைக்க, போன் எடுக்க, பில் போட என்றுதான் ஜெயத்தை எடுத்தான். சேர்ந்த அன்றே அன்பழகன் அவளைக் கம்ப்யூட்டர் பக்கம் கூப்பிட்டான்.

“ஜெயம், நீ பிரெஞ்சு படிச்ச பொண்ணாச்சே. பார்வதி எதையோ தேடிகிட்டே இருக்கு பாரு, இன்னான்னு பாத்து சொல்லு.”

“என்னக்கா வேணும்?” என்று ஜெயம் குனிந்தாள். அவள் மேலிருந்து நல்ல சென்ட் வாசனை வந்தது.

“எழுத்த வளைக்கணும்” என்றாள் பார்வதி.

ஜெயம் கட்டத்தில் என்னவோ அடித்தாள். அழித்தாள். வேறொன்று அடித்தாள். வந்த பக்கத்தை உதட்டுக்குள் படித்தாள். “இங்க போங்க. இதுல மூணாவது. இதுக்குப் பேரு கூர்விலீன்னு போட்டிருக்கான்.” பார்வதி அந்த இடத்தில் அழுத்தினாள். பெயர் வானவில் மாதிரி வளைந்து நின்றது.

“பாத்தியா பார்வதி,” என்று அன்பழகன் சிரித்தான். “பாஷ தெரிஞ்சா ஒரு நிமிஷ வேல.”

பார்வதியும் சிரித்தாள். அகராதியை மேசையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தாள். வயிற்றுக்குள் ஏதோ ஒன்று புரண்டு படுத்தது.

அதன் பிறகு அது தினமும் புரண்டது. கம்ப்யூட்டர் பக்கத்தில் ஜெயத்துக்கென்று ஒரு நாற்காலி வந்தது. நிழல் எங்கே போனது என்று ஜெயம்தான் கண்டுபிடித்தாள். பின்னணியை எப்படி வெட்டுவது என்றும் ஜெயம்தான் கண்டுபிடித்தாள். செய்ததெல்லாம் பார்வதியின் கை. ஆனால் அன்பழகன், “ஜெயம் வந்தபொறவுதான் கட ஓடுது” என்று வருகிறவர்களிடம் சொன்னான். வாடிக்கையாளர்களும் படியேறியதும் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறார்களோ அவளிடமே பேசினார்கள். ஜெயத்தின் மேசை வாசலில் இருந்தது.

பார்வதி ஜெயத்தின் ஒவ்வொன்றையும் கவனிக்கத் தொடங்கினாள். அவள் செருப்பு, கைக்கடிகாரம், மதியம் டப்பாவில் வெண்ணெய் தடவிக் கொண்டுவரும் நீள ரொட்டி. அவள் தும்மினால்கூட அது பார்வதிக்கு அழகாகக் கேட்டது, எரிச்சலாக இருந்தது. பாரிசிலிருந்து அவள் சித்தப்பா அனுப்பிய சாக்லேட்டை ஜெயம் எல்லோருக்கும் கொடுத்தாள். பார்வதி தன் பங்கை வீட்டுக்கு எடுத்துப் போனாள், ஆனால் தின்னவில்லை.

“ஏன், நல்லா இல்லியா?” என்று வெற்றிவேல் கேட்டான். அவனே அதைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

“அவளுக்கு இன்னா. பொறக்கும்போதே பிரெஞ்சு. அப்பனுக்கு பிரான்சுலேர்ந்து பென்ஷன். நாளைக்கே நெனச்சா ப்ளைட் ஏறிடுவா. இவ எதுக்கு எங்க கடைக்கு வந்தா?”

“வேலைக்கு வந்தா.”

“அவளுக்கு எதுக்கு வேல?”

“உனக்கு எதுக்கு வேல?”

வெற்றிவேல் வேறு பக்கம் திரும்பி ரேடியோவை வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “உனக்கு வராதது அவளுக்கு வருது. அவளுக்கு வராதது உனக்கு வருது. அவ்ளோதான, வுடேன்.” அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அவன் ஜெயத்தையும் அவளையும் சமமாகத் தராசில் வைத்ததே பார்வதிக்குப் பொறுக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில், வெள்ளைக்காரத் தெருக்கள் இருக்கிற பகுதியில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ஹோட்டலின் வேலை கிடைத்தது. சாப்பாட்டு மெனு, அறைக்குறிப்பு, சோப்பு உறை, எல்லாம் இரண்டு மொழியில். அன்பழகன் கடைக்கு அதுவரை வராத பெரிய வேலை. ஹோட்டலை நடத்துகிறவர் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள். எல்லோரும் மதாம் என்றே சொன்னார்கள். அவரிடம் கொடுப்பதற்காகக் கடையில் எல்லோருக்கும் விசிட்டிங் கார்டு அடிக்க அன்பழகன் முடிவு செய்தான். பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி பார்வதியிடம் கொடுத்தான்.

அன்பழகன், உரிமையாளர். ஜெயம், டிசைனர். பார்வதி, ஆபரேட்டர்.

பார்வதி அதைப் படித்தாள். எழுதியது தவறோ என்று நினைத்து ஒரு தடவை அவனைப் பார்த்தாள். அவன் போனில் யாருக்கோ காகிதத்தின் கனம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கார்டை அமைத்தாள். ‘ஜெயம்’ என்று அடித்து, நல்ல எழுத்தாகத் தேர்ந்தெடுத்து, கீழே ‘டிசைனர்’ என்று அடித்து, இரண்டுக்கும் நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். கைக்குத் தெரிந்த வேலையைக் கை அழகாகச் செய்துவிட்டது. மூன்று கார்டில் ஜெயத்துடையதுதான் மிக நன்றாக வந்திருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, காது மடல் சுட்டது.

மதியம் ஜெயம் சாப்பிடப் பின்னறைக்குப் போனாள். அன்பழகன் வெளியே போயிருந்தான். பார்வதி கம்ப்யூட்டருக்குள் அந்த சாஃப்ட்வேர் இருக்கிற இடத்தைத் திறந்தாள். பல மஞ்சள் பைல்கள். ஒன்றின் மேல் ‘எய்த்’ என்று எழுதியிருந்தது. உதவி என்று பொருள். அகராதி இல்லாமலே இப்போது அவளுக்கு அது தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தாள். டெலிட் அழுத்தினாள். பிரெஞ்சில் ஏதோ கேட்டது. நிச்சயமாகவா என்றுதான் கேட்டிருக்கும். ஆமாம் என்று இருக்கிற இடத்தில் அழுத்தினாள். குப்பைக் கூடைப் படத்தைத் திறந்து அதையும் காலி செய்தாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

அன்று சாயங்காலமே தெரிந்துபோனது. மதாமின் சோப்பு உறையில் ஏதோ ஒன்றைப் பார்ப்பதற்கு ஜெயம் எஃப் ஒன் அழுத்தினாள். ஹெல்ப் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அன்பழகன் வந்தான்.

“இன்னா ஆச்சு?”

“ஹெல்ப் ஃபைலே இல்லன்னு சொல்லுது சார்.”

“இல்லன்னா? எங்க போவும்? நாள்பூரா நீதான அதுலயே நோண்டிகிட்டிருந்த. எதையாவது அமுக்கித் தொலச்சிட்டியா?”

“இல்ல சார், நான் படிக்கத்தான்…”

“சிடி கூட இங்க இல்ல. மச்சான் எடுத்துட்டுப் போயிட்டாரு. பெரிய எடத்து வேல வந்திருக்கு, இப்ப போயி… படிச்ச பொண்ணுன்னுதான உன்ன ஒக்கார வெச்சேன்.”

பெஞ்சில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் எதிரில்தான் திட்டினான். ஜெயம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. பார்வதி பிரிண்டரில் தாளைச் சரிசெய்வதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். திறக்கவில்லை. வரும் வரும் என்று காத்திருந்த சந்தோஷமும் வரவில்லை. ஆனால் ஜெயத்தின் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தபோது ஏதோ கொஞ்சம் குளிர்ந்தது, அதை மறுக்க முடியாது.

கொஞ்ச நேரம் கழித்துத் தாள் கட்டு எடுக்கப் பின்னறைக்குப் போனாள். ஜெயம் அங்கே அழுதுகொண்டிருப்பாள் என்று எதிர்பார்த்தாள். ஜெயம் தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். பார்வதியைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டாள்.

“அக்கா, ஒன்னு சொன்னா யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்களே?”

“சொல்லு.”

“அந்த ஹெல்ப் போனதே நல்லதுக்கா.”

பார்வதி நின்றபடியே இருந்தாள்.

“எனக்கு அதுல ஒன்னும் புரியாதுக்கா. நான் படிச்ச பிரெஞ்சு வேற, அதுல இருக்கிறது வேற. அப்பா பேசற பிரெஞ்சுலயும் அந்த வார்த்தையெல்லாம் கெடையாது. பத்து தடவ தேடினா ஒரு தடவ ஏதாவது ஆப்புடும். அந்த ஒரு தடவதான் எல்லாரும் பாக்கறாங்க. பாக்கி எல்லாம் நான் பில் போடறமாதிரி ஒக்காந்து தேடினது. தினமும் காலைல சார் ‘ஜெயம், இதப் பாத்துச் சொல்லு’ன்னு கூப்பிடும்போது எங்கயாவது ஓடிடலாம்னு இருக்கும். இன்னிக்கித் திட்டு வாங்கினது கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இனிமே யாரும் என்னத் தேடச் சொல்ல மாட்டாங்க இல்ல?”

சொல்லிவிட்டு அவள் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தாள். பார்வதி தாள் கட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அன்றைக்கு வந்த எரிச்சல் அதுவரை வந்ததிலெல்லாம் பெரியது. கெட்டது செய்யப் போனால் அதுகூட அவளுக்கு நல்லதாகவே போய் விடிகிறதே என்று இருந்தது.

வேலை என்னவோ நிற்க முடியாது. மதாமுக்கு மெனு கொடுத்தாக வேண்டும். சாப்பாட்டு மெனுவின் அட்டையில் ஒரு முட்டை வடிவக் கண்ணாடிக்குள் கடல் தெரிய வேண்டும், அதன் விளிம்பு வழியே ஹோட்டலின் பெயர் ஓட வேண்டும், தங்க நிறம் கறுப்பின் மேல் வெடிப்பில்லாமல் விழ வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இப்போது தேட ஒன்றுமில்லை. பார்வதி மெனு மெனுவாகத் திறந்தாள். ஜெயம் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள்.

“இது முன்னாடி கொண்டா. இது பின்னாடி தள்ளு. இது… முகமூடி.”

“முகமூடியா? எதுக்கு?”

“தெரியலக்கா. அப்படித்தான் போட்டிருக்கான்.”

பார்வதி கடல் படத்தின் மேல் ஒரு முட்டை வரைந்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, முகமூடியை அழுத்திப் பார்த்தாள். கடல் முட்டைக்குள் அடங்கியது.

“ஐயோ,” என்றாள் ஜெயம் மெதுவாக. “எப்படிக்கா தெரிஞ்சிது?”

“மூஞ்ச மூடினா கண்ணு மட்டும் தெரியும்ல. அந்த மாதிரி இருக்கும்னு நெனச்சேன்.”

ஒரு வாரம் அப்படிப் போனது. பார்வதி ஒவ்வொரு வரியின் பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டாள். அன்பழகன் மறுபடியும், “பார்வதி, இது எப்போ முடியும்?” என்று அவளிடமே கேட்க ஆரம்பித்தான். அவள் விரும்பியதுதான். ஆனால் கேட்கும்போதெல்லாம் ஜெயம் நிம்மதியாகப் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருப்பதை அவள் கண் ஓரத்தில் பார்த்தாள்.

மதாம் நேரில் வந்தார். அட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். ஜெயம் பதில் சொன்னாள். பேச்சின் நடுவே ‘பார்வதி’ என்று கேட்டது. மதாம் திரும்பி, நாற்காலியில் இருந்த பார்வதியிடம் வந்து கை கொடுத்தார்.

“என்ன சொன்ன?” என்று மதாம் போனதும் பார்வதி கேட்டாள்.

“டிசைனர் நீங்களான்னு என்னக் கேட்டாங்க. இல்ல, இவங்கதான், நான் வார்த்தய மட்டும் படிச்சிச் சொன்னேன்னேன்.”

அன்பழகனும் அங்கேதான் நின்றான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது, மதாம் சிரித்துக்கொண்டே போனது போதும்.

பார்வதிக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே தூங்கினாள். ஆனால் காலையில் எழுந்ததும் அதே ஞாபகம்தான். கார்டில் தன் பெயருக்குக் கீழே டிசைனர் என்று அச்சாகியிருக்க, அதைக் காட்டிக்கொள்ளாமல் விட்டுக்கொடுக்க ஒருத்தியால் முடிகிறது. பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்திருக்கிறது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சொல்லியிருக்க மாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அன்று மதியம் டீக்கடை முன்னால் ஜெயத்தை நிறுத்தினாள். சுற்றி வளைக்கவில்லை.

“அந்த ஹெல்ப்ப அழிச்சது நான்தான்.”

ஜெயத்துக்கு முதலில் புரியவில்லை. “தெரியாம அழிஞ்சிடுச்சா?”

“இல்ல. தெரிஞ்சேதான் அழிச்சேன். உம்மேல பொறாம. கார்டுல உன்ன டிசைனர்னு போட்டாங்க.”

ஜெயம் அவளை நேராகப் பார்த்தாள். “அது போனதுல எனக்கொன்னும் இல்லக்கா. ஆனா சார் என்ன அத்தினி பேரு முன்னாடி திட்டினாரே. அப்ப நீங்க பிரிண்டர்கிட்டதான் நின்னீங்க.”

“ஆமா.”

“அப்ப சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

ஜெயம் டீ வாங்கவில்லை. கடைக்குத் திரும்பிப் போய்விட்டாள். பார்வதி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். டீ ஆறிப்போனது. பிறகு அவளும் கடைக்குப் போய், நேராக அன்பழகனின் மேசை முன்னால் நின்று அதையே திரும்பச் சொன்னாள். இந்த முறையும் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

அன்பழகன் வாயைப் பிளந்தான். “ஏம்மா இப்படிப் பண்ணுன?”

“மூணு வருஷமா டிசைன் பண்றவ நான். கார்டுல ஆபரேட்டர்னு போட்டீங்க.”

“அதுக்காகவா? அது சும்மா ஒரு பேருக்குப் போட்டது பார்வதி. நீயே டிசைனர்னு மாத்திக்கியேன், யாரு வேணாம்னது? வாயத் தெறந்து கேட்டிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேன்.”

அவன் சொன்னது பொய்யில்லை. அவனுக்கு அந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசமே தெரிந்திருக்கவில்லை. இத்தனை நாள் தன்னை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது அவன் ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்காத விஷயம் என்று தெரிந்தபோது பார்வதிக்கு அவமானமாக இருந்தது. “ஜெயத்த திட்டினீங்க. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க” என்றாள். அன்பழகன் ஜெயத்தைக் கூப்பிட்டு, “தப்பா நெனச்சிக்காதம்மா” என்றான். ஜெயம் சரியென்று தலையாட்டினாள். பார்வதி பக்கம் திரும்பவில்லை.

நெடுநாள் அவள் பார்வதியிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. மெனுவில் ஏதாவது கேட்டால் பொருளை மட்டும் சொல்வாள். முன்னால் கொண்டா. பின்னால் தள்ளு. சாக்லேட் வந்தால் பார்வதியின் மேசையிலும் ஒன்று வைப்பாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டாள். பார்வதி அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து பிரித்துத் தின்றாள். தப்பு தன்னுடையது, பேசாமலிருப்பது அவள் உரிமை என்று இருந்தாள்.

2006இல் மதாம் தன் ஹோட்டலின் வரவேற்பு மேசைக்கு ஜெயத்தை எடுத்துக்கொண்டார். கடையில் கடைசி நாள் ஜெயம் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். பார்வதியிடம் வந்தபோது கொஞ்சம் நின்றாள்.

“அக்கா, ஒன்னு கேக்கட்டுமா? எம்மேல இன்னமும் பொறாமயா இருக்கா?”

பார்வதி யோசித்துப் பார்த்தாள். “இருக்கு. மதாம் ஹோட்டல்ல ஏசி இருக்கும்ல.”

ஜெயம் சிரித்துவிட்டாள். டீக்கடைக்குப் பிறகு அவள் பார்வதியைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். பிறகு எப்போதாவது கடைவீதியில் பார்த்தால் நின்று பேசுவார்கள். ஜெயம் பிரான்சுக்கெல்லாம் போகவில்லை. காலாப்பட்டுப் பக்கம் ஒரு வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டு, ஹோட்டல் வேலையையும் விடாமல் வைத்துக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகையை எங்கே அடித்தார்கள் என்று பார்வதி விசாரித்தாள். வேறு கடையில் என்று தெரிந்தபோது இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கல்யாணத்துக்குப் போனாள். பத்திரிகையில் எழுத்துகளின் இடைவெளி சரியில்லை என்று வெற்றிவேலிடம் மட்டும் சொன்னாள்.

அதற்குள் அன்பழகன் கடை பெரிதாகிவிட்டது. ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் மெஷின் வந்தது, இன்னும் இரண்டு கம்ப்யூட்டர் வந்தது, இவற்றில் ஆங்கில மெனு. பார்வதிதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். 2008இல் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். சிவசங்கரி என்று பெயர். பார்வதியைவிட வயதில் மூத்தவள், சென்னையில் பெரிய அச்சகத்தில் பல வருடம் இருந்துவிட்டுக் கணவனுக்கு மாற்றல் ஆனதால் பாண்டிக்கு வந்தவள். சேர்ந்த அன்று காலை உட்கார்ந்து, மவுசையே தொடாமல் கீபோர்டிலேயே ஒரு முழு விசிட்டிங் கார்டை முடித்துவிட்டாள். சந்தேகம் வந்தபோது ஹெல்ப்பைத் திறக்கவில்லை. இன்டர்நெட்டில் ஏதோ ஒரு இடத்தில் கேள்வியை எழுதி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முகம் தெரியாத யாரோ ஒருவர் பதில் எழுதியிருந்தார்.

அன்பழகன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “பரவால்லியே,” என்றான்.

பார்வதிக்கு வயிற்றுக்குள் அது புரண்டது. நன்றாகத் தெரிந்த ஆள் வந்ததுபோல் இருந்தது. அவள் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் சிவசங்கரியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்களப் பாத்தா எனக்குப் பொறாமயா இருக்கு,” என்றாள். “இப்பவே சொல்லிடறேன். அந்தக் கேள்விய எங்க எழுதுனீங்க, எனக்குக் காட்டுங்க.”

சிவசங்கரி அவள் முகத்தைப் பார்த்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று. பிறகு திரையைக் கொஞ்சம் பார்வதி பக்கம் திருப்பி வைத்தாள்.